வலது கட்டத்தில் விழுந்த முத்திரை

மூன்றாம் கவுண்டர் அக்கா முத்திரை குத்தும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு அவர் எப்படி இருக்கிறார் என்று சொல்லிவிடலாம். மை அட்டையில் ஒரு தட்டு, தாளில் ஒரு தட்டு. நல்ல நாட்களில் இரண்டும் ஒரே அளவு. கோபம் இருந்தால் இரண்டாவது தட்டுக்குப் பசைப் புட்டி ஒரு விரல் தூரம் நகரும். நான் நான்காம் கவுண்டர். எங்கள் இருவருக்கும் நடுவே தோள் உயரத்துக்கு ஒரு பலகைத் தடுப்பு உண்டு. அதில் ஒரு மரக்கணு கழன்று விழுந்து ஓட்டையாகிவிட்டது. அதன் வழியாக எனக்குத் தெரிவது அவருடைய வலது கையும், மை அட்டையும், பசைப் புட்டியும்தான். அது போதுமானதாக இருந்தது.

வெளிநாட்டுக்குப் போகும் தபால் முழுக்க அக்கா பொறுப்பு; வருகிற பை பின்னால் பிரிக்கும் மேசையில் பிரிந்து நேரே தபால்காரர்களிடம் போய்விடும். பதில் கூப்பன் விற்பதும் அவர்தான். மாதத்துக்கு ஏழெட்டு பேர்தான் அதைக் கேட்டு வருவார்கள். வருகிற ஒவ்வொருவருக்கும் அலுக்காமல் பாடம் நடத்துவார்.

"இத எங்க ஒட்டணும் மேடம்?" என்று ஒரு கல்லூரிப் பெண் கேட்பாள்.

"ஒட்டவே கூடாது கண்ணு. நீ லெட்டர் போடற. அவங்க பதில் போடணும். அதுக்கு ஸ்டாம்ப் செலவு அவங்களுக்கு எதுக்கு? நம்ம ஸ்டாம்ப் அந்த ஊர்ல செல்லாது. அதனால இந்தக் கூப்பன உள்ள வெச்சு அனுப்பு. அவங்க ஊர் போஸ்ட் ஆபீஸ்ல குடுத்தா அவங்க ஸ்டாம்ப் குடுப்பாங்க. ஒரு பதிலுக்கு ஒரு கூப்பன்."

"பதில் போடாம ஸ்டாம்ப வெச்சுக்கிட்டா?"

"அப்போ அவங்க எப்பேர்ப்பட்ட ஆளுன்னு தெரிஞ்சுபோச்சுல்ல? அதுக்கு இது மலிவு."

கூப்பனில் இரண்டு கட்டங்கள் இருக்கும். இடது கட்டத்தில் விற்கிற அலுவலகத்தின் முத்திரை. வலது கட்டம் காலியாகப் போகும். அங்கே அதை வாங்கிக்கொண்டு ஸ்டாம்ப் கொடுக்கிற அலுவலகம் அதில் குத்தும். வலது கட்டத்தில் மை பட்டுவிட்டால் கூப்பன் செத்தது என்று பொருள். இதை அக்காவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருபத்திரண்டு வருடம். அவர் மேல் ஒரு புகார் வந்ததில்லை. ஒரு கடுதாசி காணாமல் போனதில்லை.

அந்தப் பதினான்காம் தேதி காலையில் பசைப் புட்டி கவிழ்ந்தே விட்டது.

மதியம் சாப்பிடும் அறையில் அக்கா டிபன் டப்பாவைத் திறக்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு பதில் கூப்பனை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"தம்பி, இது எந்த ஆபீஸ் முத்திரை? படி."

படித்தேன். ரயில் நிலையத்துக் கிளை அலுவலகம். வட்டத்தின் ஓரம் தேய்ந்திருந்தது.

"இது எங்க இருந்துச்சு தெரியுமா? எங்க வீட்டுக்காரர் நீலச் சட்டை பாக்கெட்ல. துவைக்கப் போட எடுத்தேன்."

அக்காவின் கணவரை எனக்குத் தெரியும். எங்கள் அலுவலகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறார். எனக்கும் அவர்தான் கண்ணாடி போட்டுத் தந்தார். காதுக்குப் பின்னால் கம்பியை வளைத்துவிட்டு, "வலிக்குதா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டார். அவ்வளவுதான் அவர் பேச்சு.

"வாங்கினா என்னக்கா இப்போ?"

"மடையா! இதே கூப்பன விக்கறதுக்குன்னே நான் இங்க உக்காந்திருக்கேன். கடையிலிருந்து நடந்து வந்தா ரெண்டு தெரு. அத விட்டுட்டு ரெண்டு பஸ் மாறி ஸ்டேஷனுக்குப் போய் வாங்கியிருக்கார். ஒரு மனுஷன் எதுக்கு அப்படிப் போவான்? நீயே சொல்லு."

எனக்கும் பதில் ஒன்றுதான் தோன்றியது.

"கொஞ்ச நாளாவே ஆள் சரியில்ல. ஷேவ் பண்ணும்போது கண்ணாடியப் பார்த்து உதடு அசையுது. நடுவுல ஒரு சிரிப்பு வேற. நான் எதிர்ல நின்னு ஒரு விஷயம் கேட்டா 'ம்'. ரெண்டாவது தடவ கேட்டா 'ம்ம்'. இப்போ இதையும் பாரு." ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார். பழைய ரசீதின் முதுகு. அதில் பென்சிலால் 6355 என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடு இட்டிருந்தது. "தலகாணிக்குக் கீழ இருந்துச்சு. என்னது இது? ரூம் நம்பரா? அவ போன் நம்பரோட கடைசி நாலா?"

"அவன்னு எப்படிக்கா முடிவு பண்ணீங்க?"

"ஆம்பளைக்கு லெட்டர் எழுதறதுக்கு யாராவது சிரிப்பாங்களா?"

பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. கல்யாணமான புதிதில் அக்காவுக்குக் கவுண்டர் பயிற்சி வேறு ஊரில் நடந்தது. மூன்று மாதம். வாரம் ஒரு கடிதம் வீதம் கணவருக்குப் பன்னிரண்டு கடிதம் எழுதினார். ஒவ்வொன்றுக்குள்ளும் தன் விலாசம் எழுதி, ஸ்டாம்ப் ஒட்டிய ஓர் உறையையும் மடித்து வைத்தார், அவருக்குச் சிரமம் வேண்டாம் என்று. மூன்று மாதத்தில் திரும்பி வந்தது ஒரே ஒரு உறை.

"என்ன எழுதியிருந்தார்?"

"'இங்கு அனைவரும் நலம். குக்கர் மூடி எங்கே இருக்கிறது?'"

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை.

"எனக்குப் பதில் போட நானே ஸ்டாம்ப் ஒட்டிக் குடுத்தேன். அதுக்கே கை வரல. இப்போ எவளோ பதில் போடணும்னு இவர் காசு குடுத்து, பஸ் ஏறிப் போய், கூப்பன் வாங்கறார். கேட்டு வாங்கற பதில் தம்பி! எங்கிட்ட ஒரு நாள் ஒரு பதில இவர் கேட்டு வாங்கினதில்ல."

மதியத்துக்குப் பிறகு கூட்டம் குறைந்த நேரம். கணு விழுந்த ஓட்டை வழியாக அக்காவின் வலது கையைப் பார்த்தேன். அந்தக் கூப்பன் மேசையில் இருந்தது. கை முத்திரையை எடுத்தது. மை அட்டையில் ஒரு தட்டு. பிறகு கை அந்தரத்தில் நின்றது. சுவர்க் கடிகாரம் நாலைந்து நொடி தள்ளியிருக்கும். கீழே இறங்கியது. வலது கட்டத்தில்.

நான் எழுந்து "அக்கா" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தேதி முத்திரையை இப்படிப் பயன்படுத்தினால் வேலை போகும். அதுவும் எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு கவுண்டருக்கும் தனி முத்திரை. வட்டத்தின் அடியில் சின்னதாக எண் இருக்கும். அது 3 என்று சொல்லிவிடும். அக்காவுக்கு இது தெரியாதா? தெரிந்துதான் குத்தினார். கையிலிருந்த பில் புத்தகத்தில் நான் ஒரே எண்ணை இரண்டு முறை எழுதினேன்.

போகும்போது சொன்னார்: "மறுபடி பாக்கெட்ல வெச்சுடுவேன். இஸ்திரி போட்டு மாட்டிடுவேன். அவருக்கு எது இடது எது வலதுன்னு தெரியாது. அவ கொண்டு போய்க் குடுப்பா. இது ஏற்கெனவே மாத்தினதுன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லுவாங்க. கைக்காசு போட்டு எழுதறாளா பார்ப்போம்."

"அக்கா, தபால்ல கை வெக்கறது…"

"அது இன்னும் தபால் இல்ல. பெட்டில விழற வரைக்கும் அது சட்டைப் பாக்கெட்ல இருந்த காகிதம்." சற்று நின்று, "தபால்ல நான் கை வெக்க மாட்டேன்," என்றார். சத்தியம் செய்கிற குரலில்.

அடுத்த ஐந்து வாரங்கள் அக்கா என்னைப் படுத்தியதற்கு அளவில்லை. வெளிநாட்டுப் பை வந்ததும் பிரிக்கும் மேசைக்கு நான்தான் போவேன். திரும்பி வரும்போது பலகைக்கு மேலே அக்காவின் புருவம் மட்டும் எழும். நான் தலையாட்டுவேன், இல்லை என்று. புருவம் இறங்கும். வரவில்லை என்றால் அவருக்கு ஒரு மணி நேரம் நிம்மதி. பிறகு வேறு கவலை வரும். "ஒருவேள நேர்ல வந்துட்டாளோ?"

ஒரு முறை கண்ணாடிக் கடையில் கம்பி இறுக்கும் சாக்கில் என்னையே உளவு பார்க்க அனுப்பினார். போனேன். கணவர் என் கண்ணாடியை ஒளிக்கு நேரே பிடித்துப் பார்த்தார். துடைத்துக்கொண்டே எங்கோ யோசித்தார். உதடு உண்மையாகவே அசைந்தது. பிறகு ஏதோ பிடிபட்டவர் மாதிரி சட்டென்று புன்னகைத்தார். அந்தப் புன்னகை எனக்கானது இல்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. திரும்பி வந்து, "ஒண்ணுமில்லக்கா, சும்மாதான் இருந்தார்," என்று பொய் சொன்னேன்.

"சிரிச்சாரா?"

"...லேசா."

பசைப் புட்டி நகர்ந்தது.

எனக்கும் ஒரு பொறாமை இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவருக்காக இருபத்திரண்டு வருட நல்ல பெயரை முத்திரைக்கு அடியில் வைக்கிற ஆள் அக்கா. அந்த மனிதருக்கு அது தெரியாது. என் சட்டைப் பையை யாரும் தடவிப் பார்த்ததில்லை.

ஆறாவது வாரம் அது வந்தது. நீல மை. கண்ணாடிக் கடை விலாசம். பின்பக்கம் அனுப்புநர் பெயர், ஒரு பெண்ணின் பெயர். எழுத்து ஒவ்வொன்றும் வரிசையில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி இடைவெளி விட்டு நின்றது. அவளே காசு போட்டு ஒட்டிய ஸ்டாம்ப். நான் பலகைக்கு அருகே வந்தேன். புருவம் எழுந்தது. நான் தலையாட்டவில்லை.

அக்கா பிரிக்கும் மேசைக்கு வந்து உறையைக் கையில் எடுத்தார். முன்னால் பார்த்தார். பின்னால் பார்த்தார். பெயரை உதட்டுக்குள் படித்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். உள்ளே மடித்த தாளும், கூடவே சின்னதாக இன்னொரு தாளும் நிழலாகத் தெரிந்தன. உறையின் ஒட்டு ஒரு மூலையில் விட்டிருந்தது. நகம் போனால் போதும். அக்காவின் கட்டைவிரல் அந்த மூலை வரைக்கும் போனது.

"கைக்காசு போட்டு எழுதியிருக்கா," என்றார் மெதுவாக. "கூப்பன் செல்லலைன்னாலும் எழுதியிருக்கா."

அதைச் சொன்ன குரலில் கோபத்தைவிட வேறொன்று அதிகம் இருந்தது. எதிர் அணியின் நல்ல ஆட்டத்தைப் பார்த்தவர் குரல் மாதிரி.

உறையைத் தபால்காரரின் கடிதக் கட்டுக்குள், அதற்குரிய தெருவுக்கு நடுவே சரியாகச் செருகினார். அன்று முழுக்க முத்திரைச் சத்தம் கேட்கவே இல்லை என்று சொல்லும்படி மெதுவாகக் குத்தினார்.

மறுநாள் பதினொரு மணிக்கு அக்காவின் கணவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு அவர் உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை. மூன்றாம் கவுண்டர் வரிசையில் நாலாவது ஆளாக நின்றார். முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். அக்கா நிமிரவே இல்லை. ஆனால் ஓட்டை வழியாகத் தெரிந்த கை எடைக் கல்லை வைக்க வேண்டிய இடத்தில் ரப்பர் முத்திரையை வைத்தது.

அவர் முறை வந்தது. கவுண்டர் கண்ணாடிக்குக் கீழே இருந்த அரைவட்டச் சந்தில் குனிந்தார்.

"ஒரு பதில் கூப்பன் குடுங்க மேடம்."

"சில்லற இருக்கா சார்?" என்றார் அக்கா.

இருந்தது. எண்ணிக் கொடுத்தார். பிறகு பையிலிருந்து வேறொரு கூப்பனை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"இது அங்கேருந்து திரும்பி வந்துடுச்சு. வலது பக்கம் ஏற்கெனவே முத்திர இருக்காம். மாத்த மாட்டேன்னுட்டாங்களாம்."

"ஓஹோ."

"முத்திர கொஞ்சம் மங்கல். கடையில பெரிசா காட்டற லென்ஸ் வெச்சுப் பார்த்தேன். பதினாலாம் தேதி. கீழ மூணுன்னு போட்டிருக்கு." சற்று நிறுத்தினார். "அன்னைக்கு என் நீலச் சட்ட துவைக்கப் போயிருந்துச்சு."

நான் என் கவுண்டரில் இருந்த முதியவருக்கு மூன்று ஸ்டாம்புக்குப் பதில் ஐந்து கிழித்துக் கொடுத்தேன்.

"புகார் புத்தகம் வேணுமா சார்?" அக்காவின் குரல் உலர்ந்திருந்தது. "அந்த ஆணியில தொங்குது."

"வேணாம். இந்தத் தடவ இடது பக்கம் குத்துங்க. அது போதும்."

வரிசையில் பின்னால் நின்ற பார்சல்காரர், "சார், கொஞ்சம் சீக்கிரம்," என்றார்.

"இருங்க!" என்று அக்கா அதட்டினார். பிறகு சந்துக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய், அவ்வளவு பேர் முன்னால், "யாருங்க அவ?" என்றார்.

பார்சல்காரர் பார்சலைத் தரையில் இறக்கி வைத்தார்.

"செஸ்," என்றார் கணவர்.

"என்னது?"

"தபால்ல செஸ் ஆடறோம். அவங்க ஒரு காய நகர்த்தி எழுதுவாங்க. நான் ஒண்ணு நகர்த்தி எழுதுவேன். பலகையில ஒவ்வொரு கட்டத்துக்கும் ரெண்டு எண். எந்தக் கட்டத்துலேருந்து எந்தக் கட்டத்துக்கு. நாலு எண்ணுதான் எழுதறது." பையிலிருந்து கடிதத்தை எடுத்துச் சந்து வழியாகத் தள்ளினார். "பாரு."

அக்கா பிரித்தார். பெரிய வெள்ளைத் தாளின் நடுவே 3655. கீழே ஒரே ஒரு வரி.

"என்ன எழுதியிருக்கா?"

"கூப்பன் செல்லல, பரவாயில்ல, ஆட்டம் நிக்கக் கூடாதுன்னு எழுதியிருக்காங்க."

அக்கா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க தலகாணிக்குக் கீழ அறுபத்து மூணு அம்பத்தஞ்சு. இதுல முப்பத்தாறு அம்பத்தஞ்சு. ரெண்டும் அம்பத்தஞ்சுல முடியுது. அங்க அப்படி என்ன இருக்கு?"

"என் குதிர இருந்துச்சு. வெட்டிட்டாங்க."

பார்சல்காரர் 'ச்சு' கொட்டினார்.

"எத்தன நாளா நடக்குது இது?"

"எட்டு வருஷம்."

"எட்டு வருஷமா!" ஐந்து வார சந்தேகம் ஒரு நொடியில் எட்டு வருடமாக நீண்டதை அக்காவால் தாங்க முடியவில்லை. "அவளுக்கு என்ன வயசு?"

"கேட்டதில்ல."

"சரி, ஏன் ஸ்டேஷன்ல போய் வாங்கினீங்க? நான் இங்க செத்தா போயிட்டேன்?"

அவர் கழுத்தைத் தடவிக்கொண்டார். "இங்க வாங்கினா யாருக்குன்னு கேப்ப. சொன்னா யாரு ஜெயிக்கறதுன்னு கேப்ப."

"யாரு ஜெயிக்கறது?"

அவர் சட்டைப் பொத்தானைத் திருகினார்.

"சொல்லுங்க சார்," என்றார் பார்சல்காரர்.

"அவங்கதான்."

"எத்தன ஆட்டம் முடிஞ்சுது?"

"நாலு."

"நாலும் அவளா?"

"நாலும்."

"நாலு தடவ உங்களத் தோக்கடிச்சிருக்கா, அவ பதில் போடவும் நீங்களே காசு அழுவீங்களா?"

"அவங்க ஊர்ல ஸ்டாம்ப் விலை ஏறிப்போச்சு. இத்தோட நிறுத்திடலாம்னு எழுதினாங்க. நான்தான் நிறுத்த வேணாம்னு கூப்பன் வெச்சேன்."

இதை அவர் இயல்பாகத்தான் சொன்னார். லென்ஸ் எண்ணைச் சொல்வது மாதிரி. ஆனால் அக்காவின் கை மேசையில் அப்படியே விரிந்து படுத்துவிட்டது. வேறொரு பெண் கிடையாது, ரகசியக் காதல் கிடையாது, எல்லாம் சரி. ஆனால் நிறுத்த வேண்டாம் என்று இந்த மனிதருக்குக் கேட்கத் தெரியும். எட்டு வருடமாகத் தெரிந்திருக்கிறது. அவள் என்ன பதில் போடுவாள் என்று பத்து நாள், இருபது நாள் யோசிக்கத் தெரிந்திருக்கிறது. பன்னிரண்டு உறைக்கு ஒரு குக்கர் மூடி.

"அந்தப் பதினோரு உறை என்னாச்சு?" என்றார் அக்கா.

வரிசைக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்குப் புரிந்தது. முகம் சிவந்ததை ஓட்டை வழியாக அல்ல, எழுந்து நின்றே பார்த்தேன்.

"இருக்கு. பெட்டியில."

"ஏன் போடல?"

"என்ன எழுதறதுன்னு தெரியல. தினம் எடுத்து வெச்சுக்கிட்டு உக்காருவேன். இதுல பாரு, நாலு எண் போட்டா போதும்."

அக்கா புதுக் கூப்பனை நேராக வைத்தார். மை அட்டையில் ஒரு தட்டு. மறுபடி ஒரு தட்டு. மூன்றாவது தடவையும் மை தொட்டுக்கொண்டார். பிறகு இடது கட்டத்தில் உள்ளங்கையால் அழுத்தி, எழுந்து நின்று, தோளையும் கொடுத்து ஒரு குத்து. பசைப் புட்டி விழுந்து உருண்டு என் பக்கம் வந்தது.

"அடுத்த ஆள்," என்றார்.

செத்த கூப்பனைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு கணவர் கூப்பன் வாங்க ஸ்டேஷனுக்குப் போவதில்லை. மூன்றாம் கவுண்டரில்தான் வரிசையில் நிற்கிறார். ஒவ்வொரு முறையும் முத்திரை அதே கறுப்பில் விழுகிறது. ஊர்ப் பெயர், தேதி, அடியில் 3, எல்லாம் கல்வெட்டு மாதிரி.

"எதுக்குக்கா இவ்ளோ மை?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அவ உறையப் பிரிக்கும்போது முதல்ல என் முத்திரதான் கண்ணுல படணும். இவர் சும்மா வரல, ஒரு கை தாண்டித்தான் வர்றார்னு தெரியட்டும்."

எண்களையும் கற்றுக்கொண்டுவிட்டார். ரசீது முதுகில் எட்டுக்கு எட்டு கட்டம் போட்டு வைத்திருக்கிறார். இப்போதெல்லாம் சாப்பாட்டு அறையில், "இவர் அந்தக் குதிரைய அங்க வெச்சே இருக்கக் கூடாது தம்பி. அவ வாயத் திறந்துக்கிட்டுல்ல உக்காந்திருந்தா," என்கிறார். அவளைப் பற்றிப் பேசும்போது மட்டும் இன்னமும் டிபன் டப்பா மூடியை வேண்டியதைவிட அழுத்தி மூடுகிறார்.

போன வாரம் அடுத்த கடிதம் வந்தது. கணவர் அதைப் பிரிக்காமலேயே கவுண்டருக்குக் கொண்டுவந்து சந்து வழியாகத் தள்ளினார். அக்காதான் கிழித்தார். நாலு எண். கீழே இந்தத் தடவை இரண்டு வரி.

"படிங்க," என்று தாளை அவரிடம் நீட்டினார்.

"'உங்கள் ஊர் முத்திரை மிக அழகாகவும் தெளிவாகவும் இருக்கிறது. மை தாளின் மறுபக்கம் வரை இறங்கியிருக்கிறது. இவ்வளவு கவனமாகக் குத்துகிறவர் யார்?'"

கணவர் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். "என்ன எழுதட்டும்? நீயே சொல்லேன்."

அக்கா தாளை வாங்கி மறுபடி ஒரு முறை பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். உறைக்குள் இரண்டு விரலை விட்டுத் துழாவினார். காலியாக இருந்தது. மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"உங்க ஆட்டத்துக்கு நீங்க எழுதுங்க. என் பதில் வேணும்னா அவ ஒரு கூப்பன் வெச்சு அனுப்பட்டும்."